கவர்வழியும் ஒரு பிணமும்

1

கள்ள உறவையும் சாவையும் சேர்த்து வைத்துக்கொண்டு சிரிக்கத் தமிழ் மனத்துக்குத் தெரியாது என்பது நம் வட்டத்தில் விவாதிக்கப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட அபிப்பிராயம். கறுப்பு ஹாஸ்யம் ஐரோப்பியச் சரக்கு, இரண்டு உலக யுத்தங்களைப் பார்த்தவர்களுக்கு உரியது, நாம் அதைப் போட்டுக்கொண்டால் அது இரவல் கோட்டு மாதிரி தோளில் தொங்கும் என்று வாதம் போகும். தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ 2019 மார்ச் 29-ல் வெளிவந்தபோது அதைப் புகழ்ந்தவர்களில் பலரும் இகழ்ந்தவர்களில் பலரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள். கடைசியில் நாமும் உலகத் தரத்தைத் தொட்டுவிட்டோம் என்றார்கள் முதல் கோஷ்டியினர். இது நம் மண்ணில் ஒட்டாது என்றார்கள் மற்றவர்கள். படம் வெளியிலிருந்து வந்தது என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் படத்தில் முகிலும் வேம்பும் வரும் பகுதியின் கதைச் சட்டகம் தமிழில் மிகப் பழையது. தாம்பத்தியத்தில் ஒரு துரோகம் நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படியாவது கைமாற்றியாக வேண்டும் என்று சேர்ந்து புறப்படுகிறார்கள். வழியில் சட்டத்தின் ஆள் ஒருவன் குறுக்கே வருகிறான். ஒரு சாவு விழுகிறது. பொருள் சிலம்பாக இருந்தால் அது காவியம். பொருள் பிணமாக இருந்தால் அது குமாரராஜாவின் படம்.

இதைச் சொல்லக் கொடும்பாளூர் எனக்கு ஒரு காரணம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த வழி மூன்றாகப் பிரிந்தது இந்த ஊரில்தான். 

2

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறான். கொடும்பையின் நெடுங்குளத்தைத் தாண்டினால் பாதை சிவனின் சூலம் போல மூன்றாகக் கவர்க்கும். வலப்பக்கம் போனால் சிறுமலை. இடப்பக்கம் போனால் திருமால்குன்றம். அங்கே மூன்று பொய்கைகள், அவற்றில் மூழ்கினால் கிடைக்கும் பலன்கள். நடுவில் போவது நேர்வழி, ஊர்களும் சோலைகளும் உள்ளது; ஆனால் அங்கே வழிப்போக்கரை மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று உண்டு. கவுந்தியடிகளோடு சேர்ந்து நடக்கும் தம்பதிகள் நடுவழியில் போகிறார்கள்.

நம்முடைய உரைகாரர்களும் மேடைப் பேச்சாளர்களும் இந்த இடத்தைப் பூகோளக் குறிப்பாகவே படித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து நடப்பதைப் பாருங்கள். தண்ணீர் குடிக்க ஒரு பொய்கைக் கரைக்குக் கோவலன் தனியே போகிறான். கானுறை தெய்வம் வசந்தமாலையின் உருவத்தில் வந்து காலில் விழுந்து அழுகிறது. மாதவி தன்னை வெறுத்து விரட்டிவிட்டாள் என்று பிழைப்புக்கு மன்றாடுகிறது. கோவலன் மறையவன் சொன்னதை நினைத்துக்கொண்டு மந்திரத்தைச் சொல்கிறான். மாயை கலைகிறது. கலைந்த தெய்வம் என்ன கேட்கிறது? நான் செய்ததை உன் மனைவியிடமும் அந்தத் தவசியிடமும் சொல்லாமல் போய்விடு என்கிறது.

இது ஹாஸ்யம் இல்லையென்றால் வேறு எது ஹாஸ்யம்? துரோகம் புகாரோடு முடிந்துவிட்டது என்று நினைத்து முப்பது காதம் நடக்கத் துணிந்தவன் முன்னால் அது பாதி வழியில் பணிப்பெண் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. போகும்போது, வீட்டில் சொல்லிவிடாதே என்று ஒரு வார்த்தை. இளங்கோ இதைச் சிரிப்பாக எழுதவில்லை என்பது தெரியும். ஆனால் துரோகத்துக்கும் கொலைக்கும் நடுவில் ஒரு நடை இருக்கிறது, அந்த நடையில்தான் இரண்டு மனிதர்களுக்கிடையில் உண்மையில் என்ன மிச்சமிருக்கிறது என்பது தெரிய வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புகார்க் காண்டத்தையும் மதுரைக் காண்டத்தையும் அவர் ஒரு வரியில் இணைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் இருவரையும் நடக்கவிட்டார்.

மதுரைக்குப் போனதும் காவியத்தின் இன்னொரு யந்திரம் வேலை செய்யத் தொடங்குகிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். திருடனைக் கண்டுபிடித்துக் கொடுப்பவனும் அவனே. குற்றவாளியே துப்புச் சொல்கிறான், அரசன் நம்புகிறான், வாள் பாய்கிறது. குற்றத்தை விசாரிக்கும் இடத்தில் குற்றவாளியே உட்கார்ந்திருப்பது என்ற இந்த அமைப்பு இன்றைய எந்தக் கறுப்பு ஹாஸ்யப் படத்துக்கும் மூலதனமாகப் போதும். இளங்கோ அதைத் துன்பியலாக்கினார் என்றால் அதற்குக் காரணம் கற்பு என்ற ஒரு பெரும் சக்தி கடைசியில் வந்து கணக்கைத் தீர்க்கக் காத்திருந்தது. அந்தச் சக்தியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நம் காலத்துக் கலைஞன் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். ஒரு கறுப்பு ஹாஸ்யப் படத்தை நான் மதிப்பிடும் அளவுகோலும் இதுதான்: கற்பு காலி செய்த நாற்காலியில் அது யாரை உட்கார வைக்கிறது?

3

நடைமுறை வாழ்க்கையில் இந்த விஷயம் நம்மிடம் எப்போதும் இருந்தது. 1952 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியோடு பழகியவனைக் கணவன் கொன்று, தலையை ராயபுரம் கடற்கரையில் புதைத்து, உடலை டிரங்குப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றிவிட்டான். பெட்டி மானாமதுரையில் நாறியது. விசாரித்த நீதிபதி பஞ்சாபகேச அய்யரே கதைகளும் நாடகங்களும் எழுதியவர். கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு. இப்படிப்பட்ட சம்பவங்களை அந்தக் காலத்தில் கொலைச் சிந்து எழுதுகிறவர்கள்தான் உடனே பிடித்துக்கொண்டார்கள். மலிவுக் காகிதத்தில் அச்சிட்டுச் சந்தைகளிலும் ரயிலடிகளிலும் பாடி விற்றார்கள். ரத்தத்தை ரசித்துப் பாடிவிட்டு முடிவில் பெண்களுக்குப் புத்தி சொல்வது பெரும்பாலும் அவற்றின் வழக்கம். பயங்கரமும் உபதேசமும் இருந்தன, சிரிப்புக்கு இடமில்லை.

சினிமா அதற்கும் பின்னால் நின்றது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954-ல் வந்தது. பாட்டே இல்லாமல் எடுக்கத் துணிந்த படம். அதில் மனைவியின் கைத்துப்பாக்கியால் கணவன் சாகிறான். அவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவும் உண்டு. ஆனால் அவன் சாவதற்குரிய குற்றம் அதுவல்ல. ஜப்பான்காரனுக்கு ரகசியத்தை விற்ற தேசத்துரோகம். தாம்பத்தியத் துரோகத்துக்காக ஒரு பெண் துப்பாக்கி எடுக்கலாம் என்று சொல்லத் தைரியமில்லாத இடத்தில் தேசம் வந்து கை கொடுக்கிறது. அறுபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு ‘சூப்பர் டீலக்ஸ்’ தேசத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. இதை அதன் முதல் சாதனையாக நான் குறித்துக்கொள்கிறேன்.

புருஷன் வெளியே போயிருக்கும் நேரத்தில் வேம்பு பழைய காதலனை வீட்டுக்கு அழைக்கிறாள். அவன் படுக்கையிலேயே செத்துப்போகிறான். நடிகனாக ஆசைப்பட்டுக்கொண்டிருக்கும் முகில் வீடு திரும்புகிறான். பிணம் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். யார் எப்போது அந்தக் கதவைத் திறப்பார்கள் என்ற பதைப்பிலிருந்துதான் சிரிப்பு பிறக்கிறது. ஹிட்ச்காக் 1955-ல் ‘தி டிரபிள் வித் ஹாரி’யில் ஒரு பிணத்தைப் புதைத்தும் தோண்டியும் புதைத்தும் செய்த வேலை இது. ஆனால் ஹாரியின் பிணம் வெர்மான்ட்டின் இலையுதிர்காலக் குன்றில், ஓவியம் போன்ற இடத்தில் கிடந்தது. வேம்பின் பிணம் சமையலறையில் இருக்கிறது. மாவும் காய்கறியும் வைக்கும் இடத்தில் ரகசியத்தை வைத்தாகிவிட்டது. நடுத்தரக் குடும்பத்தின் புனிதப் பேழையே இந்தக் குளிர்சாதனப் பெட்டிதான் என்பதைக் கண்டுபிடித்த கண் சாதாரணக் கண் அல்ல.

வேம்பு என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பாண்டியனின் மாலை வேம்பு. இதை வைத்து நான் எதையும் நிறுவப்போவதில்லை. குமாரராஜா இதை நினைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

படம் உச்சத்துக்குப் போவது பிணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்பட்ட பிறகு. ஃபகத் ஃபாசிலின் முகில் வாயை மூடுவதில்லை. உலகத்தின் சகல கேடுகளையும் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் இருக்கிறது. தன் வீட்டில் நடந்ததைப் பற்றி மட்டும் அவனால் நேராகப் பேச முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறான். பக்கத்தில் சமந்தாவின் வேம்பு. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டவள், ஆனால் அதற்காக ஒடுங்கிப்போக மறுப்பவள். பிணத்தைத் தொலைத்துவிட்டு விவாகரத்து என்பது ஒப்பந்தம். இந்த வேலையைச் சேர்ந்து செய்யும்போது, கல்யாணமானதிலிருந்து அவர்களுக்குள் இல்லாத ஒரு நெருக்கம் வருகிறது. தாம்பத்தியம் என்பதே ஒரு பிணத்தை இருவர் சேர்ந்து தூக்குவதுதானோ என்று பார்வையாளனுக்குச் சிரிப்பும் திகிலும் ஒன்றாக எழுகின்றன. கோவலன் கண்ணகியிடம் மன்னிப்புப் போல ஏதோ சொல்வதும் அவள் பதில் சொல்வதும் மதுரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஆய்ச்சியர் குடிசையில். குமாரராஜா அந்தப் பேச்சை வழியிலேயே கொண்டுவந்துவிட்டார். தமிழ் சினிமாவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் துரோகத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் ஒன்றாகப் பயணம் செய்து நான் பார்த்ததில்லை.

4

இனி சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு 1860-லிருந்து இருந்தது. பிறன் மனைவியோடு அவள் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உறவு கொள்ளும் ஆண் குற்றவாளி. பெண்ணுக்குத் தண்டனை இல்லை, ஏனெனில் அவள் ஆளே இல்லை. கணவன் சம்மதித்துவிட்டால் குற்றமும் இல்லை. பக்கத்து வயலில் மாடு மேய்ந்த வழக்குக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. 2018 செப்டம்பர் 27-ல் உச்சநீதிமன்றம் ஜோசப் ஷைன் வழக்கில் இதை ரத்து செய்தது. அதன் பிறகு ஆறு மாதத்தில் ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்தது.

சட்டம் போய்விட்டது. அதன் தர்க்கம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதைப் படம் காட்டுகிறது: பெர்லின் என்ற சப்-இன்ஸ்பெக்டரின் மூளைக்குள். பகவதி பெருமாள் நடித்திருக்கும் இந்தப் பாத்திரம் தமிழ் சினிமாவில் காவல்துறையைப் பற்றிய பயங்கரமான சித்திரங்களில் ஒன்று. காவல் நிலையத்துக்கு வந்த ஷில்பா என்ற திருநங்கையை அவன் என்ன செய்கிறான் என்பதை நாம் ஏற்கனவே பார்த்துவிட்டோம். பிணத்தோடு தம்பதிகள் அவன் கையில் சிக்கியதும் அவன் பேரம் பேசுகிறான். விலை வேம்பு. பேரம் இரண்டு ஆண்களுக்கிடையில் நடக்கிறது. 497-வது பிரிவு கேட்ட கணவனின் சம்மதத்தைத்தான் பெர்லினும் தன் வழியில் கேட்கிறான். ஒருவனோடு போனவள் இன்னொருவனோடும் போகலாமே என்பது அவன் நியாயம். முகிலுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த நியாயத்தின் ஒரு துளி அவனுக்குள்ளும் இருக்கிறது. நான் பார்த்த காட்சியில் குளிர்சாதனப் பெட்டிக்குச் சிரித்த கொட்டகை இங்கே அடங்கிப்போயிற்று. அந்த மௌனம் படத்துக்குக் கிடைத்த பெரிய கௌரவம்.

இத்தாலியில் பியத்ரோ ஜெர்மி 1961-ல் எடுத்த ‘இத்தாலியப் பாணி விவாகரத்து’ என்ற படத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிசிலியில் ஒரு பிரபு. மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயான்னி நடித்தது. மனைவியைத் தொலைத்துவிட்டு உறவுக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை. அப்போது இத்தாலியில் விவாகரத்து கிடையாது. ஆனால் மானத்துக்காக மனைவியைக் கொன்றவனுக்குத் தண்டனைச் சட்டத்தின் 587-வது பிரிவு சொற்பத் தண்டனையே விதித்தது. ஆகவே அவன் மனைவிக்கு ஒரு கள்ளக் காதலனைத் தானே ஏற்பாடு செய்ய முனைகிறான். படம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பின் குறி தனிமனிதன் மேல் அல்ல, அவனை உற்பத்தி செய்யும் சட்டத்தின் மேலும் ஊரின் மேலும். அவன் காரியத்தை முடித்துவிட்டு, கொஞ்ச நாளில் விடுதலையாகி, ஆசைப்பட்டவளையே கட்டிக்கொள்கிறான். கடைசியில் படகில் அவள் கால் படகோட்டும் இளைஞனின் காலைத் தேடிப் போகிறது. இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் 1970-ல் வந்தது. 587-வது பிரிவு 1981 வரை போகவில்லை. ஜெர்மியின் படம் சட்டத்தை மாற்றியது என்று நான் சொல்லவில்லை. ஒரு சட்டத்தை அதன் தர்க்கத்தின் கடைசிப் படி வரை அழைத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்திக் காட்டியது. ஹாஸ்யம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அது குறைவானதும் அல்ல.

5

குமாரராஜாவுக்கும் அந்தக் கடைசிப் படி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆளில்லாத கட்டடம், பேரம், மூன்று பேர். முகில் என்ன செய்வான்? வேம்பு என்ன செய்வாள்? இதற்கு மூன்று வழிகளோ முப்பது வழிகளோ இருக்கலாம். எந்த வழியில் போனாலும் அது அவர்களுடைய வழியாக இருக்கும். கொடும்பாளூரில் பாதை பிரிவது இப்படித்தான். அங்கே நிற்கிறவன் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

படத்தில் மேலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டி விழுகிறது. பெர்லின் செத்துப்போகிறான்.

கொட்டகையில் கைதட்டல். நானும் ஒரு நொடி ஆசுவாசப்பட்டேன். அந்த ஆசுவாசத்தைத்தான் இங்கே கேள்விக்குள்ளாக்க விரும்புகிறேன். பெட்டி வேறொரு கதையிலிருந்து, பையன்களின் கதையிலிருந்து வந்து விழுவதால் அது வெறும் விபத்து அல்ல, படத்தின் பல கதைகளையும் கோக்கும் முடிச்சு என்று அமைப்பு ரசிகர்கள் சொல்வார்கள். திரைக்கதையின் கணக்கில் அது சரி. முகில், வேம்பு இருவரின் கணக்கில் அது எங்கே வரவு வைக்கப்படுகிறது? எங்கும் இல்லை. அவர்கள் எதையும் தேர்வு செய்யவில்லை. அவர்களுக்குப் பதில் புவியீர்ப்பு விசை ஒரு முடிவு எடுத்தது. பிறகு அவர்கள் சமாதானமாகிறார்கள், விவாகரத்து பற்றிய பேச்சு நின்றுபோகிறது. ஒரு கெட்டவனின் சாவு கொடுத்த சந்தோஷத்தில் கிடைத்த மன்னிப்பு அது. முகில் அவளை மன்னித்தானா, அல்லது அவளைவிடப் பெரிய குற்றவாளி ஒருவன் கிடைத்ததால் கணக்கு மறந்துபோயிற்றா? மன்னிக்கும் அதிகாரம் அவனுக்கு யார் கொடுத்தது என்ற கேள்வியும் எழாமலே போய்விடுகிறது.

இளங்கோவும் ஊழ்வினையைத்தானே கொண்டுவந்தார் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் முற்பிறவிக் கதையைச் சொல்கிறது: கோவலன் அன்று பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொலைக்களத்துக்கு அனுப்பினான், சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டு உயிர்விட்டாள். நமக்கு மறுபிறவியில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கதைக்குள் ஒரு நீதி இருக்கிறது. பொய்ச்சாட்சியால் கொன்றவன் பொய்ச்சாட்சியால் சாகிறான். ஊழ் என்பது கணக்குப்புத்தகம் வைத்திருக்கும் சக்தி. தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கணக்குப்புத்தகம் இல்லை. மேலும் ஊழ் செயல்பட்ட பிறகும் கண்ணகிக்கு வேலை மிச்சமிருந்தது. அவள் அரசவைக்கு நடந்து போய் வழக்காடினாள். வேம்புக்கு வேலை எதுவும் மிச்சமில்லை.

சட்டத்தை இன்னொரு விதமாகக் கையாண்ட கதையும் இந்த ஊரிலேயே இருக்கிறது. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்தவர் இடங்கழி நாயனார். அடியார்களுக்கு அமுது படைக்க வழியில்லாத ஒருவன் இரவில் அரசனின் நெற்கூட்டில் திருடுகிறான். காவலர் பிடித்து வருகிறார்கள். அரசன் ஏன் திருடினாய் என்று கேட்கிறான். பதிலைக் கேட்டு விடுவிக்கிறான். விடுவித்ததோடு நிற்காமல், அடியார்கள் தன் பண்டாரத்தை வேண்டுமளவு கொள்ளை கொள்ளலாம் என்று பறையறைகிறான். சேக்கிழார் சொன்ன பக்தி நோக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் இது சுத்தமான இன்பியல்: உண்மையான திருடன், உண்மையான விசாரணை, சட்டத்தையே தலைகீழாக்கும் மன்னிப்பு. மதுரையில் பாண்டியன் நிரபராதியைக் கேளாமல் கொன்றான். கொடும்பாளூரில் குற்றவாளியைக் கேட்டு விட்டார்கள். இரண்டிலும் யாரோ ஒருவன் தீர்மானிக்கிறான், அந்தத் தீர்மானத்துக்குத் தானே விலை கொடுக்கிறான். நவீனம் என்பது அந்த ஒருவனை நீக்கிவிட்டு யதேச்சையை அங்கே வைப்பதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எல்லாம் அபத்தம் என்று சொல்லிவிட்டால் பாத்திரங்களைக் கேள்வி கேட்கும் சிரமம் மிச்சம். அபத்தம் ஒரு தரிசனமாக இருக்கலாம். ஆசிரியனின் தப்பிக்கும் வழியாக இருந்துவிடக் கூடாது.

6

யதேச்சையிடம் சரணடையாமல் இதே நிலப்பரப்பில் நடந்த படம் ஸ்ரீராம் ராகவனின் ஹிந்திப் படம் ‘அந்தாதுன்’. 2018 அக்டோபர் 5-ல், 497-வது பிரிவு செத்த எட்டாம் நாள் வெளிவந்தது. ஒலிவியே த்ரெய்னரின் 2010-ம் வருஷத்து பிரெஞ்சுக் குறும்படம் ஒன்று அதற்கு வித்து. பூனாவில் ஒரு பியானோக்காரன் குருடனாக நடித்துக்கொண்டிருக்கிறான். பழைய நடிகர் ஒருவர் கல்யாண நாளன்று மனைவியை ஆச்சரியப்படுத்த அவனை வீட்டுக்கு வாசிக்கக் கூப்பிடுகிறார். போனால் அவர் பிணமாகத் தரையில் கிடக்கிறார். மனைவியின் காதலன் குளியலறையில். குருடன் வாசித்துக்கொண்டிருக்க, மற்ற இருவரும் பிணத்தைப் பெட்டியில் அடைக்கிறார்கள். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதையும் பார்க்காதவனாக வாசிக்கிறான். பிறகு போலீசுக்குப் போகிறான். அங்கே இன்ஸ்பெக்டர் நாற்காலியில் அந்தக் காதலன்.

பொற்கொல்லனை நாம் மறுபடி சந்திக்கிறோம். திருடனிடமே திருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய நிலை. ஆனால் இங்கே சாட்சியும் சுத்தமானவன் அல்ல. அவன் முதலில் சொன்ன சின்னப் பொய்யினால் உண்மையைச் சொல்லும் தகுதியை இழந்தவன். இந்தப் படத்தில் ஒவ்வொருவரும் தேர்வு செய்கிறார்கள், ஒவ்வொரு தேர்வும் அடுத்த குற்றத்துக்குக் கதவு திறக்கிறது. தபு நடித்த சிமி, முதலில் கணவனின் கொலையை மறைக்கத்தான் பார்க்கிறாள். பிறகு பக்கத்து வீட்டுக் கிழவியை மாடியிலிருந்து தள்ளுகிறாள். பிறகு பொய்க் குருடனை நிஜக் குருடனாக்குகிறாள். தற்செயல்கள் இங்கும் உண்டு. அவை மனிதர்களை நெருக்குகின்றன, விடுவிப்பதில்லை. சிரிப்பு கடைசி வரை நமக்கு நிம்மதி தருவதில்லை. குறை என்று சொன்னால், சிமிக்கு ஒரு அகவுலகம் இல்லை. அவள் ஏன் அந்தக் கிழ நடிகரோடு வாழ்ந்தாள், ஏன் வாழ முடியவில்லை என்பதில் படத்துக்கு அக்கறை குறைவு. வேம்பு இவளைவிட எவ்வளவோ ரத்தமும் சதையுமானவள்.

இதைத் தமிழில் ‘அந்தகன்’ என்று 2024 ஆகஸ்ட் 9-ல் கொண்டுவந்தார் தியாகராஜன் (குமாரராஜா அல்ல, நடிகர் பிரசாந்தின் தகப்பனார்). பிரசாந்த், சிமி வேடத்தில் சிம்ரன், செத்துப்போகும் பழைய நடிகராகக் கார்த்திக், இன்ஸ்பெக்டராகச் சமுத்திரக்கனி. ஒழுங்காகச் செய்யப்பட்ட படம். கதை பூனாவிலிருந்து தமிழுக்கு வந்த வழியில் யாருக்கும் கால் வலிக்கவில்லை என்பதுதான் என் புகார். யந்திரம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. குற்றவாளியே விசாரிக்கும் கதையை வைத்திருக்கும் மொழிக்கு அந்த யந்திரம் வந்தபோது, இங்கிருந்த பழைய யந்திரத்தோடு அது ஒரு தடவைகூட உரசிக்கொள்ளவில்லை. உரசியிருந்தால் ஒரு தீப்பொறியாவது பறந்திருக்கும். கார்த்திக் தன் பழைய படங்களின் நிழலில் உட்கார்ந்திருக்கும் சில நிமிஷங்களில் மட்டும் ஒரு சொந்தத் துக்கம் எட்டிப்பார்க்கிறது. நம் சினிமாவின் காதல் நாயகனே கள்ள உறவின் காரணமாகப் பிணமாகிறான் என்பது நமக்கு மட்டுமே முழுதாக உறைக்கக்கூடிய விஷயம். படம் அதன் மேல் நிற்காமல் அடுத்த திருப்பத்துக்கு ஓடிவிடுகிறது.

7

ஆக, ஒரு படம் நம் பழைய நடையை அறியாமலே மீண்டும் நடந்தது, கவர்வழியில் நின்று தேர்வு செய்ய மறுத்தது. இன்னொன்று தேர்வுகளாலேயே கட்டப்பட்டது; நம்மிடம் வந்தபோது நம் வழி அதற்குத் தெரியவில்லை. இரண்டில் எது எனக்கு முக்கியம் என்று கேட்டால் தயக்கமில்லாமல் முதலாவதைச் சொல்வேன். தவறிய இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். தவறுவதற்கு முதலில் அந்த இடம் வரை போயிருக்க வேண்டும்.

எழுதுகிற நம்முடைய நிலை இதைவிட மேலானதாக எனக்குத் தெரியவில்லை. நம் சிறுகதைகளில் கள்ள உறவு வரும்போதெல்லாம் ஒன்று அது கவிதையாகிவிடுகிறது, அல்லது தற்கொலையாகிவிடுகிறது. துரோகம் நடந்த மறுநாள் காலையில் இருவரும் ஒரே வீட்டில் பல் துலக்க வேண்டும், பால்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டும், யார் முதலில் பேசுவது என்று காத்திருக்க வேண்டும் என்ற அந்தக் கோரமான ஹாஸ்யத்தை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? குளிர்சாதனப் பெட்டியின் கதவை ஒரு சினிமாக்காரர் திறந்துவிட்டார். அவர் திறந்த பிறகும் நாம் முற்றத்தில் நின்று நிலவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க முடியாது.

கொடும்பாளூரில் இன்று பார்க்கக் கிடைப்பது மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு மனைவியர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுப்பித்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. ஆணுக்கு இரண்டு மனைவியர் என்றால் கல்லில் எழுதி வைக்கலாம், அதற்குக் கோபுரமும் கட்டலாம். பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்றால் ஒருவனைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மூன்று விமானங்களில் இன்று இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் கிடக்கிறது. வருகிறவர்கள் நிற்கும் இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சிங்கங்களும் யாளிகளும் எவ்வளவு நுணுக்கம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த வெறும் அடித்தளத்தின் மேல் ஏறி நின்று யாராவது எதையாவது கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.